சதுக்கத்துக்கு மீன் வந்த நாள்

வியாழன்தோறும் காலை பத்து மணிக்கு மேட்டுக்கொற்கை நகரச் சதுக்கத்தில் ஒரு பெண் கருங்கல் மேடையேறி, ஆளில்லாத வெளியைப் பார்த்து, "பேச விரும்புவோர் யார்?" என்று மூன்று முறை கூவுவாள். பிறகு மேடையோரத்து நீர்க்கடிகாரத்தின் அடைப்பை எடுத்துவிடுவாள். மேல்சட்டியின் நீர் கீழ்ச்சட்டிக்கு இறங்கி முடிய ஏழு நிமிடம். அதுவரை புறாக்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கடைசிச் சொட்டு விழுந்ததும் பதிவேட்டைத் திறந்து 'எவருமில்லை' என்று எழுதிக் கையெழுத்திடுவாள். பதினோரு ஆண்டுகளாகத் தஸ்நேவிஸ் மேரி அந்தப் பதிவேட்டில் வேறொரு சொல்லை எழுதியதில்லை.

அவளுடைய பதவிக்கு நகரக் கட்டியர் என்று பெயர். கடல் பழைய கரையை விழுங்கிய பின், மேட்டு நிலத்தில் புதிய நகரத்தை எழுப்பியவர்கள் ஏதென்ஸின் மேல் பெரும் பித்துக் கொண்டிருந்தார்கள். அங்கே குடிகள் ஒரே வெளியில் கூடி நின்று தங்கள் விதியைத் தாங்களே பேசித் தீர்த்தார்கள் என்பதில் அவர்களுக்கு அப்படியொரு மயக்கம். ஆகவே தூண்வரிசை எழுப்பினார்கள். நான்கு மூலைகளிலும் எல்லைக்கற்கள் நட்டார்கள். கட்டியரையும் நீர்க்கடிகாரத்தையும் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். நகரத்தின் எந்தத் தீர்மானமும் சதுக்கத்தில் ஒரு முறை கூவப்படாமல் செல்லுபடியாகாது. கூவும்போது எல்லைக்கற்களுக்குள் ஆயிரம் பேர் இருந்து, நீர் வடிவதற்குள் அவர்களில் ஒருவர் வாய் திறந்தாலும் போதும், தீர்மானம் கலைந்துவிடும். உள்ளே இருப்பவர்கள் பேசி முடித்துக் கையுயர்த்திப் புதிதாக முடிவெடுக்க வேண்டும்.

சட்டத்தின் மை காய்வதற்குள் பதிலிகள் வந்துவிட்டன. ஒவ்வொரு குடியின் பேச்சையும் ஆண்டுக்கணக்கில் கேட்டு, அவரைப் போலவே யோசிக்கவும் வாதிடவும் பழகிய நிழல்கள் அவை. மூன்று லட்சம் பதிலிகள் இயந்திரத்துக்குள் கூடி மூன்று விநாடியில் ஒரு வழக்கை அலசித் தீர்த்துவிடும். அதன் பிறகு வெயிலில் வந்து நிற்க எவருக்கும் காரணம் இருக்கவில்லை. சதுக்கம் துடைத்துவைத்த தட்டைப் போலச் சுத்தமாகக் கிடந்தது.

அந்த வெள்ளிக்கிழமை, அடுத்த வியாழனுக்குரிய தீர்மானத்தாள் தஸ்நேவிஸின் மேசைக்கு வந்தது. கடல் மறுபடியும் ஏறி வருகிறது. அணை கட்ட வேண்டும். அணை கீழ்த்துறையின் மீது வரும். அங்குள்ள இரண்டாயிரத்து நூறு மீனவக் குடும்பங்கள், அறுபது கிலோமீட்டர் உள்ளே, வறட்டுமேட்டுக்கு மாற்றப்படும். அதன்கீழ் ஒரு வரி: கீழ்த்துறை மக்களின் ஒப்புதல், நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

தஸ்நேவிஸ் கீழ்த்துறைக்காரி. தாளை இரண்டு முறை படித்துவிட்டுத் தன் பெயரைத் தேடினாள். தஸ்நேவிஸ் மேரி, ஒப்புதல்: ஆம்.

*

பதிலித் துறையின் தலைவி நிரஞ்சனிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தஸ்நேவிஸ் கேட்டதும் மறுக்காமல் அவளுடைய பதிலியின் பதிவை ஓடவிட்டாள். அறையின் ஒலிபெருக்கியிலிருந்து தஸ்நேவிஸின் குரல் தஸ்நேவிஸிடமே பேசியது: "அய்யாமாரு சொன்னா சரியாத்தான் இருக்கும். எங்களுக்கு என்ன தெரியும்? எது நல்லதோ பாத்துச் செய்யுங்க."

குரலில் ஒரு பிசகும் இல்லை. சொல்லுக்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்ளும் அந்தச் சிறிய ஓசைகூட அவளுடையதுதான்.

"இத நான் எப்ப மேடம் சொன்னேன்?"

"நீங்க சொன்னதில்லக்கா. உங்ககிட்ட கேட்டிருந்தா நீங்க சொல்லியிருக்கக்கூடியது. பத்து வருஷமா நீங்க பேசினதுல இருந்து அது தானா கத்துக்கிட்டது."

"எங்க பேசினது?"

"ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மனு குடுக்கற கவுன்டர், ரயில். கேட்கிற கருவி இருக்கிற இடம் எல்லாம்."

"மீன் ஏலக்கூடம்?"

நிரஞ்சனி தயங்கினாள். "ஆரம்பத்துல வச்சிருந்தோம். ஒரே நேரத்துல இருநூறு பேர் கத்தறாங்க. யார் விலை சொல்றாங்க, யார் யாரைத் திட்டறாங்கன்னு பிரிக்கவே முடியல. இரைச்சல்னு குறிச்சு எடுத்துட்டோம்."

தஸ்நேவிஸ் குரலை உயர்த்தாமலேயே சொன்னாள்: "நாங்க ரெண்டு தடவ இடம் பெயந்தவுக மேடம். மொதத் தடவ வாய் பேசுனவன் வீட்டுக்குக் கடைசியாத்தான் கரண்டு வந்துச்சு. ரெண்டாந்தடவ பேசுனவனுக்கு வரவே இல்ல. அதுலருந்து ஆபீசு வாசப்படி மிதிச்சா எங்க வாயில 'சரிங்கய்யா'வத் தவிர ஒண்ணும் வராது. எங்க வாயி ஏலக்கூடத்துலதான் கெடக்கு. அதத்தான் நீங்க இரைச்சல்னு தூக்கிட்டிய."

நிரஞ்சனி கெட்டவளல்ல. அந்தப் பேச்சு தன் உழைப்பின் ஆணிவேரில் எங்கே இறங்கியது என்று அவளுக்கு உடனே தெரிந்தது. "என்னால இப்ப அதை மாத்த முடியாதுக்கா," என்றாள். "மறுபடி கத்துக்கொடுக்க ஒரு வருஷம் ஆகும். இருக்கிற ஒரே வழி உங்க சதுக்கம்தான். ஆயிரம் பேர்."

"ஆயிரம் பேரு வந்தா, மூணு லட்சம் பேரு முடிவு செல்லாதுன்னு நீங்க ஒத்துக்கிடுவியளா?"

"எனக்கு அது பிடிக்கலதான். ஆனா சட்டத்துல இருக்கு. வியாழக்கிழமை எல்லைக்கல்லு பக்கத்துல நானே நின்னு எண்ணறேன்."

*

கீழ்த்துறையில் அவளுடைய அழைப்பு எடுபடவில்லை. ஏலம் கூறும் மரியசிலுவை, கையில் துண்டோடு மரியாதையாகக் கேட்டுவிட்டு, "பெட்டிசன் ஒண்ணு எழுதிக் குடுத்துருவோமே, தஸ்நேவிசு," என்றார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிரவில்லை.

அவள் நம்பியிருந்தது தன் மைனி சவேரியாளை. காலமான அண்ணனின் மனைவி. மீன்கூடையோடு அவள் உட்கார்ந்தால் நான்கு தெரு தள்ளியிருப்பவனுக்கும் இன்றைக்கு என்ன மீன் என்று தெரிந்துவிடும்.

"மேடைல ஏறி நான் என்னட்டி பேச?" என்றாள் சவேரியாள். அவள் குரல் பாதியாக இறங்கியிருந்தது. "அங்க நின்னா எனக்குத் தொண்டை அடைச்சுக்கிடும். எழுதப் படிக்கத் தெரிஞ்சவுக பேசட்டும்." சொல்லி வாய் மூடவில்லை, பனிக்கட்டி வண்டிக்காரன் அவளுடைய பெட்டிக்குப் பாதிக் கட்டி குறைத்துப் போட்டுவிட்டு நகர்வதைக் கண்டாள். அடுத்த ஐந்து நிமிடம் அவனுடைய நேர்மை, அவனுடைய வண்டி, அவனுக்கு வண்டி ஓட்டும் உரிமம் கொடுத்த அதிகாரியின் கண்பார்வை, நியாயமான பனிக்கட்டி எப்படி இருக்க வேண்டும் என்பதன் இலக்கணம் எல்லாவற்றையும் பற்றி அவள் ஆற்றிய உரைக்கு நிகரான ஒன்றை எந்த மன்றத்திலும் கேட்க முடியாது. வண்டிக்காரன் ஒரு கட்டிக்கு இரண்டாகப் போட்டுவிட்டுப் போனான்.

"இதத்தான் மைனி அங்க வந்து பேசச் சொல்லுதேன்."

"இது பேச்சா? இது யாவாரம்."

திங்கட்கிழமை தஸ்நேவிஸ் ஆவணக்கூடத்தில் உட்கார்ந்து நகரச் சட்டத்தையும், அதை எழுதியவர்கள் ஏதென்ஸைப் பற்றிச் சேர்த்து வைத்த குறிப்புகளையும் வரி வரியாகப் படித்தாள். படிக்கப் படிக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பழைய சதுக்கம் ஒருநாளும் சுத்தமாக இருந்ததில்லை. மீன் விற்றார்கள், ரொட்டி விற்றார்கள், சவரம் செய்தார்கள். ஒரு பக்கம் வழக்கு நடந்தது, மறுபக்கம் வம்பு நடந்தது. மேலே குன்றில் கூடிய மக்கள் பேரவையில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடமில்லை. ஆனால் கீழே சந்தையில் ரொட்டிக்காரிகளின் வாய்க்கு ஊரே அஞ்சியது. பேரவைக்குப் போகிறவன் அந்தச் சந்தையில் இரைந்து பழகிய தொண்டையோடுதான் குன்றேறினான். மேட்டுக்கொற்கையைக் கட்டியவர்கள் கற்களை ஒன்றுவிடாமல் நகலெடுத்தார்கள். மீனை விட்டுவிட்டார்கள்.

ஆனால் பார்த்து எழுதும் அவசரத்தில் அவர்களை அறியாமல் ஒரு விதி உள்ளே வந்துவிட்டது. சதுக்கத்தில் கடை விரிப்பதற்குரிய இடத்தைக் கட்டியரே ஒதுக்கலாம்.

அன்று மாலையே அவள் மரியசிலுவையிடம் இடம் ஒதுக்கிய தாளை நீட்டினாள். "வியாழக்கிழமை ஏலம் சதுக்கத்துல. நிழல் உண்டு, தண்ணி உண்டு. மேட்டுத்தெருக்காரவுக இறங்கி வராமலே வாசல்ல மீனு வாங்குவாவ."

மரியசிலுவை தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "பேசல்லாம் வேண்டாமே?"

"மீனு வித்தா போதும் மாமா."

*

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குச் சதுக்கம் அடையாளம் தெரியவில்லை. தூண்களுக்கிடையே தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். வெள்ளைக் கல் பரப்பில் பனிநீர் ஓடியது. சாளை, பாறை, வாளை மீன்கள் குவியல் குவியலாக மின்னின. எங்கிருந்துதான் வந்தனவோ, பூனைகள் வந்துவிட்டன. புறாக்கள் தூண் உச்சிக்குக் குடிபெயர்ந்தன. செய்தி பரவி மேட்டுத்தெருக்காரர்கள் பைகளோடு வந்தார்கள். முதலில் மூக்கைப் பிடித்தவர்கள், பிறகு விலை கேட்டார்கள், பிறகு கூடுதலாகச் சொல்வதாகச் சண்டை போட்டார்கள். எல்லைக்கல்லருகே நிரஞ்சனி ஒரு சிறிய திரையைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே நுழைபவர்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பத்து மணி அடிக்கச் சற்று முன்னால் தஸ்நேவிஸைப் பார்த்து அவள் திரையை உயர்த்திக் காட்டினாள். ஆயிரத்து முந்நூற்று நாற்பது.

தஸ்நேவிஸ் மேடையேறினாள். சிவப்புப் பதவித்துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டாள். தீர்மானத்தைப் படித்தாள். படித்து முடித்துப் பதினோரு ஆண்டுப் பழக்கத்தின் கம்பீரத்தோடு மூன்று முறை கூவினாள்: "பேச விரும்புவோர் யார்?"

சதுக்கம் அப்படியே அடங்கியது.

அவள் எதிர்பார்த்தது ஓர் இரைச்சல். கிடைத்தது மனு கொடுக்கும் அறையின் மௌனம். ஏலக் குரல் பாதியில் நின்றது. ஆண்கள் தோள்துண்டைக் கையில் எடுத்தார்கள். பெண்கள் முந்தானையை இழுத்துச் சொருகித் தரையைப் பார்த்தார்கள். சவேரியாள் ஒரு சாளையைக் கையில் பிடித்தபடி சிலையாக இருந்தாள். நீர் சொட்டும் ஓசை தனியாகக் கேட்டது.

ஒரு நிமிடம். இரண்டு. மேல்சட்டியில் நீர் இறங்க இறங்க, தஸ்நேவிஸுக்குத் தன் பிழை விளங்கியது. அவள் சந்தையைக் கொண்டுவந்தாள். ஆனால் அதனிடம் அலுவலகத்தின் குரலில் கேட்டுவிட்டாள். அந்தக் குரலைக் கேட்ட மாத்திரத்தில் அடங்கிப்போவதற்கு இந்த மனிதர்கள் இரண்டு கடற்கரைகளை விலையாகக் கொடுத்துப் பழகியிருந்தார்கள். மேடையில் நின்றுகொண்டு அவள் இன்னும் நூறு முறை கூவினாலும் அவர்கள் இன்னும் நூறு மடங்கு அடங்குவார்கள்.

மேடையிலிருந்து இறங்கலாம். நீர் வடிந்து முடியுமுன் மேடையை விட்டு இறங்கும் கட்டியர் அக்கணமே கட்டியர் அல்ல என்று சட்டம் சொல்கிறது. பதினோரு ஆண்டுப் பதவி. கீழ்த்துறையிலிருந்து அரசுப் படியேறிய முதல் பெண் என்று ஊர் கொண்டாடிய பதவி. கீழே பார்த்தாள். பாதிச் சட்டி நீர்தான் மிச்சம்.

அவள் துண்டைக் கழற்றி மேடைமேல் மடித்து வைத்தாள். படியிறங்கினாள். கல்லில் ஓடிய பனிநீர் காலை நனைக்க நேராகச் சவேரியாளின் கூடைக்குப் போய்க் குந்தினாள். ஒரு பாறைமீனை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்தாள்.

"மைனி, இது நேத்து மீனுல்லா."

சதுக்கத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"என்னது?" என்றாள் சவேரியாள். குரல் இன்னும் தாழ்ந்துதான் இருந்தது.

"நேத்து மீனு. கண்ணு உள்ள போயிட்டு."

"ஏட்டி, உங் கண்ணுதான் உள்ள போயிட்டு. விடியக்கால நாலு மணிக்குக் கரையேறுன மீன நேத்து மீனுங்க. செவுளப் பாருட்டி. செவப்பு தெரியலயா? ஆபீசுல உக்காந்து உக்காந்து மூக்கும் செத்துப் போச்சா?"

"சரி, வச்சுக்கிடுங்க. அடுத்த வருசம் வறட்டுமேட்டுல இதுவும் கெடைக்காது. அங்க போயி ஓணான் விப்பிய."

"நான் எதுக்குட்டி வறட்டுமேட்டுக்குப் போறேன்?"

"நீங்கதான போறேன்னு சொல்லியிருக்கிய. உங்க பதிலி சொல்லியாச்சு. 'அய்யாமாரு சொன்னா சரியாத்தான் இருக்கும்'னு உங்க குரல்லயே சொல்லியிருக்கு."

சவேரியாள் மீனைக் கூடையில் வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் எழுந்த விதத்தைக் கண்டு பக்கத்துக் கூடைக்காரி சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"என்னக் கேக்காம எம்பேருல பேசுன அந்தச் சிறுக்கி எவட்டி?"

அந்தக் குரல் தூண்களில் மோதித் திரும்பியது. "நான் வாயில்லாதவளா? என் வாயப் பாத்து இந்தக் கரையே ஒதுங்கிப் போவும், எனக்கு இன்னொருத்தி வாய் கடன் வாங்கணுமா? வரச் சொல்லு அவள. இந்தக் கூடையத் தூக்கித் தலையில வச்சு நாலு தெரு சுத்தச் சொல்லு. அப்பொறம் பேசட்டும் எம்பேருல."

"எழுதுங்க மேடம்," என்று தஸ்நேவிஸ் நிரஞ்சனியை நோக்கிக் குரல் கொடுத்தாள். "நான் இப்பக் கட்டியர் இல்ல. நீங்க எழுதுங்க."

நிரஞ்சனி மேடைக்கு ஓடினாள். நீர்க்கடிகாரத்தில் இரண்டு விரற்கடை நீர் இருந்தது. பதிவேட்டில், பதினோரு ஆண்டு 'எவருமில்லை'களுக்குக் கீழே, எழுதினாள்: சவேரியாள், மீன் விற்பவர்.

அதற்குள் மரியசிலுவை ஏலக்குரலில் தொடங்கிவிட்டிருந்தார். "என் பதிலியும் சரின்னு சொல்லிச்சா? எனக்குத் தெரியாம நான் எத்தன தடவ சரி சொல்லியிருக்கேன்? கணக்கு சொல்லுங்க எனக்கு." வலைக்காரர்கள் எழுந்தார்கள். ஒருவரையொருவர் வெட்டிப் பேசினார்கள், திட்டினார்கள், திட்டுக்கு நடுவே தெளிவான காரணங்களைச் சொன்னார்கள். இரைச்சல் என்று எடுத்தெறியப்பட்டதற்குள் எவ்வளவு துல்லியமான தர்க்கம் ஓடியது என்பதை நிரஞ்சனி அன்றுதான் கேட்டாள். எந்தப் பருவத்தில் நீரோட்டம் எந்தப் பக்கம் அடிக்கும், அணையின் எந்த முனை முதலில் அரிக்கும், வறட்டுமேட்டிலிருந்து படகுக்கு வர எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் வசைகளின் இடையே வந்து விழுந்தன. நண்டு வாங்க வந்திருந்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், பையைத் தூக்கிப் பிடித்தபடி, கீழ்த்துறையைத் தொடாமல் அணையைப் பழைய ரயில் மேட்டோடு வளைத்துக் கட்ட முடியும் என்றும், ஓராண்டு கூடுதலாகும் என்றும், எதிர்ப்பு ஏதும் இல்லாததால்தான் குறுக்குவழி தேர்ந்தெடுக்கப்பட்டது என்றும் சொன்னார்.

மூன்று விநாடியில் முடிந்துபோன விவகாரம் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டது.

பிறகு கைகள். எல்லைக்கற்களுக்குள் இருந்த எவருக்கும் அன்று பதிலி இல்லை. மேட்டுத்தெருவிலிருந்து மீன் வாங்க வந்து மாட்டிக்கொண்டவர்களும் தங்கள் கையைத் தாங்களே தூக்க வேண்டியிருந்தது. அவர்களுடைய பதிலிகள் ஏறக்குறைய எல்லாமே இடமாற்றத்துக்கு 'ஆம்' என்றிருந்தவை. இப்போது, சற்று முன்தான் செவுளைத் தூக்கிக் காட்டி மீன் தந்த பெண்களின் முகத்துக்கு நேரே அந்தக் கையைத் தூக்க மிகச் சிலராலேயே முடிந்தது. ஒரு கையில் ஈரப்பை சொட்ட, மறு கையை அவர்கள் ரயில் மேட்டுக்காக உயர்த்தினார்கள்.

தஸ்நேவிஸும் உயர்த்தினாள். கட்டியருக்குக் கை கிடையாது. கட்டியராக இல்லாதவளுக்கு உண்டு. பதினோரு ஆண்டுகளில் அவள் கை எண்ணப்பட்டது அதுவே முதல் தடவை.

ரயில் மேட்டுக்கு ஆயிரத்து இருநூற்று எழுபத்தெட்டு. இடமாற்றத்துக்கு அறுபத்திரண்டு.

சதுக்கம் கொண்டாட்டத்தில் கலகலத்தது. யாரோ பனிக்கட்டியை உடைத்து வாரியிறைத்தார்கள். மரியசிலுவை மிச்சமிருந்த சாளையை ஏலம் கூறாமலே அள்ளிக் கொடுத்தார். தஸ்நேவிஸ் சிரித்துக்கொண்டே கூட்டத்தை விலக்கி மைனியைத் தேடிப் போனாள். சவேரியாள் தூணடியில் கூடையை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளருகே நிரஞ்சனி பதிவேட்டோடு நின்றாள். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"அக்கா, அந்த அறுபத்திரண்டுல இவங்க ஒருத்தங்க," என்றாள் நிரஞ்சனி.

தஸ்நேவிஸுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. "மைனி, இடமாத்தத்துக்கா கை தூக்குனிய?"

"ஆமா," என்றாள் சவேரியாள், கூடையிலிருந்து கண்ணெடுக்காமல்.

"இவ்வளவு பேசிட்டு?"

"பேசுனது என் வாய எடுத்ததுக்கு. கை தூக்குனது எனக்காவ." அவள் நிமிர்ந்தாள். "உங்கண்ணன் போன கடலு இது. நாலு வருசமா விடியக்கால அந்தத் தண்ணியப் பாத்துத்தான் முழிக்கேன். அது சத்தமே கேக்காத எடத்துல ஒருநாளு தூங்கணும்னு இருக்கு எனக்கு. வறட்டுமேட்டுல ஓணான் வித்தாலும் வித்துட்டுப் போறேன்."

நிரஞ்சனி மெதுவாகக் கேட்டாள்: "அப்ப உங்க பதிலி உங்களப் பத்திச் சரியாத்தானே சொல்லியிருக்கு?"

"எதுக்குப் போறேன்னு சொல்லிச்சா தாயி?"

நிரஞ்சனி திரையைப் பார்க்கவில்லை. அது சொன்ன காரணம் எதுவென்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். பதிவேட்டைத் திறந்து, சவேரியாளின் பெயருக்கு நேரே, கடலைப் பற்றி அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினாள். அரைப்பக்கம் ஆயிற்று.

"நீ ஜெயிச்சுட்டட்டி," என்றாள் சவேரியாள். குரலில் வருத்தம் இல்லை. ஒரு நல்ல சண்டைக்குப் பிறகு வரும் தெம்பு இருந்தது. "இந்த வெவகாரத்த அடுத்த வியாழக்கிழமை திருப்பி எடுக்கலாமா?"

"எடுக்கலாம் மைனி. ஆனா ஆயிரம் பேரு வேணும்."

சவேரியாள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். "கூட்டிட்டு வாரேன்," என்றாள்.